‘ஒழிப்போம்’: 30 ஆண்டாகச் சந்தையில் இருக்கும் சரக்கு எப்படி உழைக்கிறது?

மதிப்பிடும் பொருள்: “நிறைவேற்று அதிகாரம் கொண்ட ஜனாதிபதி முறையை ஒழிப்போம்” என்ற தேர்தல் வாக்குறுதி. கூடவே இணைப்பாக வரும் “மாகாண சபைத் தேர்தலை நடத்துவோம்”.
தயாரிப்பு: இலங்கையின் பெரிய கட்சிகள், முறை வைத்து.
விலை: ஒரு வாக்கு. முற்பணமாக மட்டும்.
திருப்பிக் கொடுக்கும் வசதி: அடுத்த தேர்தலில்.

இந்தச் சரக்கைப் பற்றிச் சந்தையில் இருக்கும் பொதுவான குறை, “எல்லாரும் ஏமாத்துறாங்கள்” என்பது. குறை சரிதான், ஆனால் அது வாங்குபவருக்கு உதவாது. வானொலிப் பெட்டி பாடவில்லை என்றால் எந்தப் பாகம் போயிற்று என்று பார்ப்பதுபோல், இந்த வாக்குறுதியையும் கழற்றிப் பார்க்கலாம். பார்த்தால் ஒவ்வொரு பதிப்பும் பழுதாகும் இடம் ஏறக்குறைய ஒன்றுதான் என்று தெரியும். அந்த இடம் விஞ்ஞாபனத்திலேயே, வாங்குவதற்கு முன்பே, கண்ணுக்குத் தெரிவதும் உண்டு.

முதலில் உள்ளமைப்பு. ஜே.ஆர். ஜெயவர்தன 1978 பெப்ரவரி 4 அன்று முதலாவது நிறைவேற்று ஜனாதிபதியானார். அதே ஆண்டு செப்டெம்பர் 7 முதல் இப்போதைய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது. அதைத் திருத்த இரண்டு பூட்டுகள். முதலாவது பூட்டு 82வது உறுப்புரையில்: சபைக்கு வந்தவர்களில் அல்ல, மொத்த உறுப்பினரில் மூன்றில் இரண்டு. 225 பேர் உள்ள சபையில் 150 கை உயர வேண்டும். இரண்டாவது பூட்டு 83வது உறுப்புரையில்: மக்கள் இறைமை பற்றிய 3வது உறுப்புரை போன்ற சிலவற்றைத் தொட்டாலோ, ஜனாதிபதியின் அல்லது பாராளுமன்றத்தின் காலத்தை ஆறு ஆண்டுக்கு மேல் நீட்டினாலோ, 150 போதாது, சர்வஜன வாக்கெடுப்பும் வேண்டும்.

நுணுக்கம் இங்கேதான். நிறைவேற்று அதிகாரத்தை “மக்களால் தெரிவுசெய்யப்பட்ட ஜனாதிபதி” பிரயோகிப்பார் என்று சொல்வது 4வது உறுப்புரை. அது 83இன் பட்டியலில் இல்லை. ஆகவே 150 போதும் என்று வாதிடுவோர் இருக்கிறார்கள். ஆனால் 3ஐயும் 4ஐயும் சேர்த்து வாசிப்பது உயர் நீதிமன்றத்தின் நீண்டகாலப் போக்கு. அப்படி வாசித்தால், ஜனாதிபதியின் நிறைவேற்று அதிகாரத்தை வேறு கைக்கு மாற்றுவது இரண்டாவது பூட்டிலும் போய் முட்டும். “ஒழிப்போம்” என்று எழுதிவிட்டு இரண்டாவது பூட்டின் சாவியைப் பற்றிப் பேசாத விஞ்ஞாபனம், மோட்டார் சைக்கிளை இயந்திரம் இல்லாமல் விற்பதற்குச் சமம். தள்ளினால் கொஞ்ச தூரம் உருளும்.

சர்வஜன வாக்கெடுப்பு என்றால் கட்சிகளுக்கு ஏன் இத்தனை கூச்சம் என்று கேட்கலாம். நாட்டில் இதுவரை நடந்தது ஒன்றே ஒன்று, 1982 டிசம்பர் 22. கேட்ட கேள்வி, இருக்கிற பாராளுமன்றத்தின் காலத்தை ஆறு ஆண்டு நீட்டலாமா என்பது. பொதுத் தேர்தலைத் தள்ளிப்போட மட்டுமே ஒருமுறை பயன்பட்ட கருவி அது. ஆட்சியில் இருப்பவரின் கண்ணுக்கு இன்னோர் ஆபத்தும் தெரியும்: எந்தக் கேள்வி கேட்டாலும் மக்கள் அரசாங்கத்தின் மீதே வாக்களிப்பார்கள். ஆகவே இரண்டாம் ஆண்டில் “பிறகு பார்ப்போம்”, நாலாம் ஆண்டில் “இப்போது சரிவராது”.

இனிப் பதிப்புகள்.

1994, சந்திரிகா. இதுவரை வந்ததில் திகதி அச்சிட்டு வந்த பதிப்பு இது: 1995 ஜூலை 15க்கு முன் ஒழிப்பு. அந்த உறுதியைப் பெற்றுக்கொண்டே ஜே.வி.பி. (மக்கள் விடுதலை முன்னணி) தன் ஆதரவு வேட்பாளரைப் போட்டியிலிருந்து விலக்கியது. (இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அன்றைய வாடிக்கையாளரே 2024இல் தயாரிப்பாளர்.) சந்திரிகா 62.28 வீதம் எடுத்தார். பெட்டியைத் திறந்தால் திகதி மட்டும் இருந்தது, சட்டமூல வரைவு இல்லை. 150 ஆசனமும் இல்லை. கூட்டணிக் கட்சிகளைச் சேர்த்து ஆட்சிக்குத் தேவையான 113ஐத் தொடுவதே பெரும்பாடு. 1995 ஏப்ரலில் போர் மறுபடி தொடங்கியது, ஜூலை 15 வந்து போனது. சட்டமூலம் சபைக்கு வந்தது 2000 ஓகஸ்ட் 3 அன்று, ஐந்து ஆண்டு தாமதமாக. அதிலும் நிலைமாறுகால ஏற்பாடுகள் என்ற கடைசிப் பகுதி, பதவியில் இருந்தவரின் மிகுதிக் காலத்துக்கு அதிகாரத்தை விட்டுவைத்தது. ஐக்கிய தேசியக் கட்சியினர் சபைக்குள்ளேயே பிரதிகளைக் கொளுத்தினார்கள், சட்டமூலம் திரும்பிப் போனது. சந்திரிகா 2005 நவம்பர் வரை அதே பதவியில் இருந்தார்.

அந்தக் கடைசிப் பகுதியைப் பழைய கதை என்று விட்டுவிடக் கூடாது. ஒழிப்புச் சட்டமூலம் எதைக் கையில் எடுத்தாலும் பின்பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்குவது நல்லது. “இச்சட்டம் நடைமுறைக்கு வரும் திகதியில் ஜனாதிபதிப் பதவியை வகிப்பவர்…” என்று தொடங்கும் பந்தி எங்கே முடிகிறது என்று பாருங்கள். முன்பக்கத்தில் ஒழித்ததைப் பின்பக்கத்தில் மீட்டெடுக்க ஒரு வாக்கியம் போதும்.

அதே காலத்தின் உபபொருள் 2001 ஒக்டோபரில் வந்த 17வது திருத்தம். உயர்பதவி நியமனங்களைப் பரிந்துரைக்கும் அரசியலமைப்புப் பேரவையும் சுயாதீன ஆணைக்குழுக்களும் அதனால் வந்தவை. நல்ல வடிவமைப்பு, ஆனால் பொருத்திக் கொடுக்கவே இல்லை. தேர்தல் ஆணைக்குழுவின் தலைவராகப் பரிந்துரைக்கப்பட்டவரை ஜனாதிபதி நியமிக்க மறுத்தார். ஆணைக்குழு அமையும் வரை இருக்கும் தேர்தல் ஆணையாளர் தொடரவேண்டும் என்று சட்டம் சொன்னதால், தயானந்த திசாநாயக்க ஓய்வு கேட்டு நீதிமன்றம் வரை போயும் விடுதலை கிடைக்காமல் 2011 வரை கதிரையில் இருந்தார். சட்டப் புத்தகத்தில் 2001இல் பிறந்த தேர்தல் ஆணைக்குழுவுக்கு உறுப்பினர்கள் வந்தது 2015 நவம்பரில்.

2005இன் மகிந்த பதிப்பிலும் இந்த முறையை மாற்றும் பேச்சு இருந்தது. விநியோகமானது அதற்கு எதிரான பொருள்: 2010 செப்டெம்பர் 8 அன்று நிறைவேறிய 18வது திருத்தம். இரண்டு தடவை என்ற வரம்பு நீங்கியது, அரசியலமைப்புப் பேரவை போனது. ஆதரவு 161, எதிர்ப்பு 17. அந்த ஆண்டுத் தேர்தலில் அவருடைய கூட்டணிக்குக் கிடைத்தது 144 ஆசனங்கள். மிகுதி எங்கிருந்து வந்தது என்பது ஊரறிந்தது. 2020 ஒக்டோபர் 22இல், ஜனாதிபதியின் அதிகாரத்தை மறுபடி கூட்டிய 20வது திருத்தத்துக்கு 156 கைகள் உயர்ந்தபோதும் எதிர்க்கட்சி வரிசையிலிருந்து ஆட்கள் எழும்பி உதவினார்கள்.

இதை வைத்து, அதிகாரத்தைக் கூட்டத்தான் எண்ணிக்கை சேரும், குறைக்கச் சேராது என்று முடிவு கட்டினால் அதுவும் பிழை. 2015 ஏப்ரல் 28இல், அதிகாரத்தைக் குறைத்த 19வது திருத்தத்தை எதிர்த்தவர் ஒரே ஒருவர். 2022 ஒக்டோபர் 21இல் 21வது திருத்தத்துக்கு 179 பேர் ஆதரவு, எதிர்ப்பு மறுபடி ஒன்று. இரண்டு தடவையும் அந்த ஒற்றைக் கை பாராளுமன்ற உறுப்பினர் சரத் வீரசேகரவுடையது. அவருடைய நிலைப்பாட்டில் உடன்பட முடியாது, ஆனாலும் கை மாறவில்லை என்ற அளவில் மதிப்பெண் கொடுக்கலாம். ஆகவே “150 கிடைக்கவில்லை” என்று விற்பனையாளர் சொன்னால் முழுதாக நம்ப வேண்டாம். முதலாவது பூட்டு 2010க்குப் பிறகு மட்டும் நான்கு தடவை திறந்திருக்கிறது. ஒழிப்புக்காக இரண்டாவது பூட்டில் கை வைத்தவர் எவரும் இல்லை.

2015, மைத்திரிபால. அதிகம் விற்ற பதிப்பு, அதிகம் ஏமாற்றம் தந்ததும் அதுவே. ஆனால் இந்த விஷயத்தில் வாங்கியவர்கள் மீதும் பாதிக் குற்றம் உண்டு. “100 நாள்” வேலைத்திட்டத்தோடு வந்த விஞ்ஞாபனத்திலேயே, சர்வஜன வாக்கெடுப்புத் தேவைப்படும் எந்த உறுப்புரையையும் தொடமாட்டேன் என்று எழுதியிருந்தது. மேடையில் ஒழிப்பு, சிறிய எழுத்தில் சீர்திருத்தம். சிறிய எழுத்தை வாசித்தவர்கள் குறைவு. அதற்கேற்பவே சரக்கும் வந்தது. உயர் நீதிமன்றம், பிரதமரே அமைச்சரவையின் தலைவர் என்பது போன்ற வாசகங்களுக்கு சர்வஜன வாக்கெடுப்புத் தேவை என்று தீர்மானித்ததும் அந்த வாசகங்கள் உருவப்பட்டன. மிஞ்சியது: பதவிக்காலம் ஆறிலிருந்து ஐந்து, இரண்டு தடவை வரம்பு மறுபடி, நாலரை ஆண்டு வரை பாராளுமன்றத்தைக் கலைக்க முடியாது, அரசியலமைப்புப் பேரவை.

உழைப்பு எப்படி? ஒரு கடுமையான சோதனையில் தேறியது. 2018 ஒக்டோபர் 26 அன்று பிரதமரை நீக்கிவிட்டு, நவம்பர் 9இல் பாராளுமன்றத்தைக் கலைத்ததும், 19இன் அந்த நாலரை ஆண்டுத் தடையை வைத்தே ஏழு நீதியரசர்கள் டிசம்பர் 13இல் ஏகமனதாகக் கலைப்பை ரத்துச் செய்தார்கள். உடைக்கப் பார்த்தவர், அதைத் தன் சாதனை என்று சொல்லிவந்த அதே ஜனாதிபதி. முழு ஒழிப்பு என்ற வாக்கை அவர் 2015 நவம்பரில் மாதுளுவாவே சோபித தேரரின் இறுதிக் கிரியையில் வைத்தும் புதுப்பித்திருந்தார். ஒழிப்புக்காக ஆண்டுக்கணக்கில் உழைத்தவர் தேரர், வாக்கைக் கேட்க உயிரோடு இல்லை. 2016 மார்ச் 9இல் பாராளுமன்றமே அரசியலமைப்புச் சபையானது, 2017 செப்டெம்பரில் வழிநடத்தற் குழுவின் இடைக்கால அறிக்கையும் வந்தது. இறுதி வரைவு வாக்கெடுப்புக்கு வரவேயில்லை.

பாதி செய்த வேலையின் ஆயுள்: 2015 முதல் 2020 வரை. 20வது திருத்தம் 19இன் பெரும்பகுதியைக் கழற்றியது. 21வது அதில் கொஞ்சத்தைத் திருப்பிப் பொருத்தியது, ஆனால் நாலரை ஆண்டுத் தடை இரண்டரையாகவே நின்றுவிட்டது. சர்வஜன வாக்கெடுப்பு இல்லாமல் வைத்ததை, சர்வஜன வாக்கெடுப்பு இல்லாமலே எடுக்கவும் முடியும். வாங்குபவர் கவனிக்கவேண்டிய உழைப்புக் குறைபாடு இதுதான்.

தேர்தல் முறை மாற்றம் தனிச் சரக்கு. விருப்பு வாக்கை ஒழித்துத் தொகுதிக்கு ஓர் உறுப்பினர் என்று சொல்லாத கட்சி இல்லை. 2015 ஜூனில் அதற்கான திருத்த வரைவு மேசைக்கு வந்தது, 26ஆம் திகதி பாராளுமன்றம் கலைந்தது, அத்தோடு சரி. உள்ளூராட்சியில் மட்டும் 60 வீதம் தொகுதி, 40 வீதம் விகிதாசாரம் (கட்சியின் வாக்கு வீதத்துக்கேற்ப ஆசனம்) என்ற கலப்பு முறையைப் பொருத்தி 2018 பெப்ரவரி 10இல் ஓட்டிப் பார்த்தார்கள். ஏறத்தாழ 4,500 ஆக இருந்த உறுப்பினர் தொகை 8,000ஐத் தாண்டியது, பல சபைகளில் எவருக்கும் பெரும்பான்மை இல்லை. பிரதேச சபை மண்டபத்தில் கதிரை போட இடமில்லாத அளவுக்கு “சீர்திருத்தம்”.

இப்போது இணைப்புப் பொருள். வடக்கிலும் கிழக்கிலும் இதை வாங்கியவர்களே அதிகம் நட்டப்பட்டவர்கள். பழுதும் சுவாரசியமானது, ஏனென்றால் ஒவ்வொரு படியும் பதிவில் இருக்கிறது.

2017இல் கிழக்கு, வடமத்திய, சப்ரகமுவ சபைகளின் காலம் முடியவிருந்தது. பெண் வேட்பாளர் வீதத்தை உயர்த்துவதற்கென ஒரு சிறிய சட்டமூலம் சபையில் இருந்தது. செப்டெம்பர் 20 அன்று குழுநிலையில், அதாவது நீதிமன்றம் பார்க்கக்கூடிய கட்டம் கடந்த பிறகு, அதற்குள் முழுத் தேர்தல் முறையையும் மாற்றும் பக்கங்கள் செருகப்பட்டன: பாதி தொகுதி, பாதி விகிதாசாரம். 2017இன் 17ஆம் இலக்கச் சட்டம் அப்படிப் பிறந்தது. பழைய விகிதாசார முறை செத்தது. புதிய முறைக்குத் தொகுதி எல்லைகள் வேண்டும். எல்லை நிர்ணயக் குழு 2018 பெப்ரவரியில் அறிக்கை கொடுத்தது. ஓகஸ்ட் 24இல் வாக்கெடுப்பு: ஆதரவு 0, எதிராக 139. அறிக்கையைச் சபைக்குக் கொண்டுவந்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார்! சட்டப்படி அடுத்தது பிரதமர் தலைமையில் ஐவர் கொண்ட மீளாய்வுக் குழு, இரண்டு மாத அவகாசம். அந்த அறிக்கை வரவில்லை. பழைய முறையில் நடத்தலாமா என்று 2019இல் ஜனாதிபதி உயர் நீதிமன்றத்திடம் கேட்டார், முடியாது என்று அபிப்பிராயம் வந்தது.

புதுக் கிணறு வெட்டுமுன் பழைய கிணற்றைத் தூர்த்த கதை. கடைசியாக மக்கள் வாக்களித்த மாகாணம் ஊவா, 2014 செப்டெம்பரில். வடக்குக்கு 2013இல் கிடைத்ததே முதல் தேர்தல், இதுவரைக்கும் கடைசித் தேர்தலும் அதுதான். சபைகள் இல்லாத இடத்தில் ஆளுநர்கள் நிர்வகிக்கிறார்கள். ஆளுநரை நியமிப்பவர் ஜனாதிபதி. ஆக, இணைப்புப் பொருள் பழுதாகும் ஒவ்வொரு நாளும், ஒழிப்பதாகச் சொன்ன பதவிக்கு மேலும் ஒன்பது கைகள் முளைத்திருக்கின்றன.

இதைத் திருத்த எவ்வளவு வேலை? எல்லைகளை மறுபடி வரைந்து 2017 முறையைக் காப்பாற்றுவது நீண்ட வழி. பழைய விகிதாசார முறையை மீட்கும் ஒரு சிறு சட்டமூலம் குறுக்கு வழி. அரசியலமைப்பைத் தொடத் தேவையில்லை, சர்வஜன வாக்கெடுப்பும் வேண்டாம். இதே நோக்கத்துக்குத் தனிநபர் சட்டமூலங்கள் வந்திருக்கின்றன, ஆகவே வாசகம் எழுதத் தெரியவில்லை என்ற சாட்டும் இல்லை.

2024, ஜே.வி.பி. தலைமையிலான தேசிய மக்கள் சக்தி. காகிதத்தில் இதுவரை வந்ததில் சிறந்த பதிப்பு. “வளமான நாடு – அழகான வாழ்வு” விஞ்ஞாபனம் புதிய அரசியலமைப்பு என்கிறது, நிறைவேற்று அதிகாரமற்ற ஜனாதிபதியைப் பாராளுமன்றம் நியமிக்கும் என்கிறது, 2015 முதல் 2019 வரை நடந்த பணியைத் தொடர்ந்து முடிப்போம் என்கிறது. சர்வஜன வாக்கெடுப்பு என்ற சொல்லும் உள்ளே இருக்கிறது, 2015இன் சிறிய எழுத்தோடு ஒப்பிட்டால் பெரிய முன்னேற்றம். முதலாவது பூட்டுக்கும் சாவி கையில்: 2024 நவம்பர் 14 பொதுத் தேர்தலில் 159 ஆசனங்கள். எவரையும் விலைக்கு வாங்கத் தேவையில்லாத முதல் ஒழிப்புக் கட்சி இது. 1994இல் இருந்த ஒன்று மட்டும் இதில் இல்லை: ஒழிப்புக்குத் திகதி.

திகதி போட்ட வாக்குறுதி பக்கத்தில் இருந்தது. உள்ளூராட்சி, மாகாண சபைத் தேர்தல்கள் ஓர் ஆண்டுக்குள். உள்ளூராட்சி 2025 மே 6இல் நடந்தது. பாராட்ட வேண்டும், ஏனென்றால் 2023 மார்ச் 9க்குக் குறித்த அந்தத் தேர்தலைக் காசில்லை என்று முன்னைய ஆட்சி நிறுத்தி, அது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றமும் சொல்லியிருந்தது. பழைய வேட்புமனுக்களை ரத்துச் செய்யச் சிறப்புச் சட்டம் வேண்டியிருந்தது, 2025 பெப்ரவரியில் அதையும் நிறைவேற்றினார்கள். அதே வேகத்தில் மாகாண சபைக்கும் ஒரு சட்டமூலம் ஏன் வரவில்லை என்ற கேள்விக்கு “மீண்டும் எல்லை நிர்ணயம்” என்ற பதில் போதாது. ஓர் ஆண்டு 2025 செப்டெம்பரில் முடிந்தது, மாகாண சபைத் தேர்தல் நடக்கவில்லை. அதே செப்டெம்பரில் முன்னாள் ஜனாதிபதிகளின் சலுகைகளை ரத்துச் செய்யும் சட்டம் நிறைவேறியது. முன்னாள்களின் வீடு போயிற்று, இந்நாளின் கதிரை அப்படியே.

வாங்குமுன் பார்க்கவேண்டியவை என்று ஒரு நீண்ட பட்டியல் தரலாம், ஆனால் நான்கு கேள்வி போதும். சட்டமூல வாசகம் விஞ்ஞாபனத்தோடு இணைந்திருக்கிறதா, வெறும் “நடவடிக்கை எடுக்கப்படும்” தானா? சர்வஜன வாக்கெடுப்பு எந்த மாதம்? இப்போது பதவியில் இருப்பவருக்குப் புதிய ஏற்பாடு எந்த நாளிலிருந்து பொருந்தும்? தேர்தல் முறையை மாற்றுவதாக இருந்தால், புதிய எல்லைகள் நிறைவேறும் வரை பழைய முறை உயிரோடு இருக்கும் என்ற வாசகம் உண்டா? 2017 சட்டத்தில் இந்த நாலாவது வாசகம் ஒரு வரி இருந்திருந்தால் எந்த மாகாண சபையும் தூங்கியிருக்காது.

வாங்கிய பிறகு பின்தொடர்வதும் கடினமில்லை. பேட்டிகளையும் குழு நியமனங்களையும் கணக்கில் எடுக்க வேண்டாம். அமைச்சரவைத் தீர்மானம், சட்ட வரைஞர், சட்டமா அதிபரின் சான்று, வர்த்தமானி, ஒழுங்குப் பத்திரம் என்பதே பாதை. ஒழுங்குப் பத்திரத்தில் ஏறினால்தான் குடிமகன் உயர் நீதிமன்றம் போக முடியும், நீதிமன்றமும் மூன்று வாரத்துக்குள் தீர்மானம் சொல்லவேண்டும். வர்த்தமானியும் ஒழுங்குப் பத்திரமும் தமிழிலும் வெளியாகின்றன. குழுநிலை நாளில் மட்டும் விழித்திருங்கள், பக்கங்கள் செருகப்படுவது அன்றைக்குத்தான்.

மதிப்பெண், ஐந்துக்கு. 1994 பதிப்பு: 1, திகதிக்காக. 2005: 0. 2015: 2½, 2018 டிசம்பரில் தாக்குப்பிடித்ததற்காக. 2024: இப்போதைக்கு 2. உள்ளூராட்சித் தேர்தலுக்கு ஒன்று, சர்வஜன வாக்கெடுப்பை மறைக்காததற்கு ஒன்று. விகிதாசார முறையை மீட்கும் சட்டமூலம் வர்த்தமானியில் வந்தால் 3 ஆகும். ஒழிப்புச் சட்டமூலம் ஒழுங்குப் பத்திரத்தில் ஏறினால் மறுபடி முழுதாக மதிப்பிட வேண்டும், கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்கி.